பூசக் கூடாத மூன்று கம்பிகள்: ஹாலிஎலத் தோட்டமொன்றில் மூன்று நாட்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. "மிஸ், தொட்டி அழுகுது," என்றார் புஷ்பம் அக்கா. முதலில் அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவரும் அழத் தொடங்கிவிட்டார். சோறு ஆறிப்போனது. அந்த வெள்ளிக்கிழமையே நான் பதுளை ரயிலில் இருந்தேன்.

என்னைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில், மலை, ரொட்டி என்று இங்கே எழுதிக் கொண்டிருந்தாலும், சம்பளத்துக்கு நான் செய்வது இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்றும் வேலை. கொழும்பில் எண்ணெய்த் தாங்கிகள், நிலத்தடிக் குழாய்கள், கப்பல்களின் அடிப்பாகம் என்று அலைவேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சிறிய நற்பணிக் குழுவோடு சேர்ந்து, ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழும் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் இரும்புத் தொட்டி ஒன்றுக்குப் பாதுகாப்புப் போட்டுக் கொடுத்தேன். சம்பளம் இல்லாமல் செய்த வேலை. அதனால் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புஷ்பம் அக்கா அந்தத் தொட்டியின் காவல்காரி. கொழுந்து பறிக்கிறவர். காலை ஐந்து மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்கு, ஓடுவார். மாலை வந்து மறுபடி திறப்பார். அவருடைய ஒரே மகள் மலர் பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். "தண்ணி இல்லாத லயத்துக்குப் புள்ளத்தாச்சியை எப்படிங்க அனுப்புறதுன்னு சம்பந்தி கேக்குறாரு மிஸ். தொட்டி சரியானா அனுப்புறாங்களாம். இல்லாட்டி அங்கேயே வச்சிக்கிறாங்களாம்." தொலைபேசியில் அழுகைக்கு நடுவே எனக்குக் கிடைத்த விவரம் இதுதான்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவு இருக்கை 2,500 ரூபா. பதுளை போய் இறங்க மாலை நான்கு மணி தாண்டிவிடும். பத்து மணிநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் வலது பக்கமா இடது பக்கமா என்று பலர் கேட்டு எழுதுவீர்கள். நானுஓயா தாண்டும் வரை எந்தப் பக்கமும் சரி. அதற்குப் பிறகு நீங்கள் எப்படியும் கதவருகே நிற்கப் போகிறீர்கள். என் பையில் ஸ்வெட்டரைவிட அதிக இடத்தைப் பிடித்திருந்தவை இரண்டு மக்னீசியக் கம்பிகள், ஒரு வோல்ட்மீற்றர், இரும்பின் தடிப்பை அளக்கும் கருவி. எதிர் இருக்கையில் இருந்த ஐயா ஒருவர் என் பையைத் தூக்கி மேலே வைக்கப் போய், "உள்ள என்ன மகள், அம்மிக்கல்லா?" என்று கேட்டார்.

பதுளையில் ஒரு இரவு. பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை, 4,500 ரூபா, சுடுதண்ணீர் உண்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைவீதி திறந்ததும், ஒரு ஹார்ட்வெயார் கடையில் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பாவிக்கக்கூடிய இரண்டு பகுதிப் பசை, கம்பி பிரஷ், உப்புத்தாள், ஒரு அடிக்கு ஒரு அடி இரும்புத் தகடு எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் தகட்டை வெட்டிக்கொண்டே, "தொட்டிக்கா? மேலே வெள்ளி பெயின்ட் ஒரு டின் போடவா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் கேள்வியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதுளையிலிருந்து ஹாலிஎலவுக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம், 60 ரூபா. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீற்றர் ஏற்றம். ஆட்டோக்காரர் குமார் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. 1,800 ரூபா கேட்டார். ஏழாவது கிலோமீற்றரில் பாதை பாதையாக இருப்பதை நிறுத்திக்கொண்டபோது, கேட்டது நியாயம்தான் என்று புரிந்தது.

"தொட்டி பாக்கவா மிஸ் வாறீங்க?" என்றார் குமார். "பாத்து என்னத்தங்க. புஷ்பம் அக்கா கெடுத்துப்புட்டாங்கன்னு லயத்துல ஒரே பேச்சு."

"எப்படிக் கெடுத்தாங்களாம்?"

"அது தெரியாதுங்க. ஆனா தொட்டிய அவங்கதானே பாக்குறாங்க. வேற யாரு மேல சொல்றது?"

நியாயம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட்டதால் வாதாடவில்லை.

தொட்டி மூன்று லயங்களுக்கும் மேலே, ஒரு கல் மேடையில் இருக்கிறது. பின்னால் நமுனுகுல மலை. பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பழைய இரும்புத் தொட்டி அது, பேக்டரியில் கிடந்ததைத் தோட்டம் கொடுத்தது. பிளாஸ்டிக் தொட்டி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டி கொடுக்கும் பட்டியலில் அவர்களுடைய முறை இன்னும் வரவில்லை. அடிப்பக்க ஓரத்தில் துருப்பிடித்த கோடு ஒன்று இறங்கி, அதன் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறது என்று சொன்னது சரியான சொல்தான்.

லயத்துத் தலைவர் ராஜரத்தினம் அண்ணனும் புஷ்பம் அக்காவும் காத்திருந்தார்கள். தலைவர் என்னோடு பேசினார். புஷ்பம் அக்கா என் பையை வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். இரண்டு வருடங்களுக்கு முன் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்த பெண் அவர். அந்த முகத்தைக் காணவில்லை.

இந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள், நாலு வரிதான். தண்ணீரில் நனைந்த இரும்பிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் வெளியேறுகிறது. வெளியேறும் இடத்தில் இரும்பு கரைகிறது. அதுதான் துரு. இரும்பைவிடச் சுலபமாகக் கரையக்கூடிய மக்னீசியத்தை அதே தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு மின்வயரால் தொட்டிச் சுவரோடு இணைத்துவிட்டால், மக்னீசியம் முந்திக்கொண்டு கரையும். இரும்பு அப்படியே இருக்கும். கடலில் கப்பலுக்குத் துத்தநாகம் போதும். மலைத் தண்ணீர் மென்மையானது, மின்சாரம் அதில் சுலபமாகப் பாயாது, அதனால் இங்கே மக்னீசியம்தான் சரி. நான் தொங்கவிட்டிருந்தது மூன்று மக்னீசியக் கம்பிகள்.

மூடியைத் திறந்து, அளவுகோலாக வைத்திருக்கும் மின்வாயைத் தண்ணீருக்குள் இறக்கி, வோல்ட்மீற்றரைத் தொட்டியோடு இணைத்தேன். தொட்டி பாதுகாப்பாக இருந்தால் மைனஸ் 0.85 வோல்ட், அல்லது அதற்கும் அதிக மைனஸ் காட்ட வேண்டும். காட்டியது மைனஸ் 0.53. கம்பியே இல்லாத வெறும் இரும்பு காட்டும் அளவு அது. இணைப்பு அறுந்திருக்கும் என்று பார்த்தேன். இணைப்பு நன்றாக இருந்தது. யாரோ கம்பிகளைக் கழற்றி விற்றிருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்னும் வெட்கமாக இருக்கிறது.

முதல் கம்பியைத் தூக்கினேன். இரண்டு வருடம் தண்ணீரில் கிடந்த மக்னீசியம் குழி விழுந்து, வெள்ளை மாவு படிந்து, பார்க்கச் சகிக்காமல் இருக்க வேண்டும். இது வெள்ளிக் கொலுசு மாதிரிப் பளபளத்தது. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்.

மற்ற இரண்டும் அப்படியே. முனையிலிருந்து முனை வரை, ஒரு ஊசி இடம் விடாமல், இரண்டு பூச்சு. இத்தனை வருட வேலையில் இவ்வளவு சுத்தமாகப் பூசிய ஆள் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

"யார் பூசினது?" என்று கேட்டேன். தலைவர் புஷ்பம் அக்காவைப் பார்த்தார்.

"நான்தாங்க மிஸ்," என்றார் அவர். "திருவிழாவுக்கு முன்னாடி."

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய வாரம் இந்த லயங்களில் ஒரு வழக்கம். கதவு, ஜன்னல், கோயில் வேலி, தண்ணீர் பிடிக்கும் பீலி மேடை, தொட்டியின் வெளிப்பக்கம் என்று எல்லாவற்றையும் கழுவிப் பூசுவார்கள். அம்மன் ஊர்வலம் வரும் வழியில் அரித்துப்போன பொருள் எதுவும் கண்ணில் படக் கூடாது. போன திருவிழாவுக்குத் தொட்டியை இறைத்துக் கழுவும்போது புஷ்பம் அக்கா உள்ளே இறங்கியிருக்கிறார். கம்பிகளைப் பார்த்திருக்கிறார்.

"ஒரே அரிப்புங்க மிஸ். பொத்துப்போயி, மாவு மாவாக் கொட்டுது. நீங்கதானே சொன்னீங்க, இந்த மூணுந்தான் தொட்டிக்குக் காவல், பத்திரமாப் பாத்துக்கங்கன்னு. நம்மளை நம்பிக் குடுத்துட்டுப் போன பொருள் இப்படிக் கெடக்கேன்னு எனக்கு மனசு கேக்கல. தேய்ச்சுக் கழுவி, கோயில் வேலிக்கு அடிச்ச பெயின்டுல மிச்சம் வாங்கி அடிச்சேன். காஞ்ச பொறகு இன்னொரு தரம் அடிச்சேன். தொட்டி கெட்ட பொறகுதான் அடிச்சது தப்போன்னு பயம் வந்திச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் சொன்னது உண்மை. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். இது கரையும், கரைய வேண்டும், கரைந்தால் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லவில்லை. அதையெல்லாம் நாற்பது பக்க அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதி, கொழும்பில் ஒரு அலமாரிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தொட்டிக்குள் இறங்கப் போகும் ஒரே ஆளுக்கு ஒரு வரி சொல்லவில்லை. பெயின்ட் மக்னீசியத்தைத் தண்ணீரிடமிருந்து பிரித்துவிட்டது. மக்னீசியம் சும்மா இருந்தது. பத்து மாதமாக இரும்பு தனியாகக் கரைந்துகொண்டிருந்தது.

அவரிடம் மெல்ல விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப அது கரையுறதுதான் அது பாக்குற வேலையா?"

"ஆமாக்கா."

"நான் அது வேலையை நிப்பாட்டிப்புட்டேன்." கொஞ்ச நேரம் கம்பியைத் தடவிக்கொண்டு இருந்தார். "அதுக்கு வலிக்காதுங்களா மிஸ்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. வலிக்காது என்றேன்.

இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரும்பு இன்னும் எவ்வளவு மிச்சம்? தண்ணீரை வெளியேற்றிவிட்டு உள்ளே இறங்கித் தடிப்பை அளந்தேன். புதிதில் நாலு மில்லிமீற்றர். இரண்டுக்குக் கீழே போயிருந்தால், தொட்டியை மூடிவிடுங்கள் என்று நானே சொல்ல வேண்டிவரும். புஷ்பம் அக்கா வெளியே நின்று ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னார். 3.6. 3.4. 3.5. அடி ஓரத்தில் 2.6. அதற்குப் பக்கத்தில் 2.3. அடுத்த இடத்தில் கருவியை வைத்தேன். அதற்குக் கீழே போகவில்லை. ஒரே ஒரு ஊசித்துளை, அதைச் சுற்றிலும் இரும்பு உண்டு. பிழைக்கும்.

துளைக்கு மேல் தகடு வைத்துப் பசை போட்டு முடிக்க மதியம் இரண்டு மணி. பழைய கம்பிகளைப் பளிச்சென்று உலோகம் தெரியும் வரை புஷ்பம் அக்காவே சுரண்டினார். பெயின்ட் மூடியிருந்ததால் பாதிக்கு மேல் மிச்சமாக இருந்தன. நான் கொண்டுபோன புதியவை இரண்டோடு சேர்த்து ஐந்து கம்பிகள். பசை காய ஒரு நாள் வேண்டும். அதுவரை தொட்டியில் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது. கீழே ஆற்றுப் பக்கம் ஒரு பீலி இருக்கிறது. பாறையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடம். அறுநூறு மீற்றர் இறக்கப் பாதை, அதில் கல்லில் வெட்டிய படிகள் நூற்று நாற்பது, பாதி பாசி. வீராப்பாக ஒரு வாளியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஏறும்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே வந்தபோது வாளியில் பாதிதான் இருந்தது. என் முன்னால் இரண்டு குடத்தோடு ஏறிய அக்கா ஒருவர் திரும்பிப் பார்த்து, "மிஸ் தண்ணி கொண்டாந்தீங்களா, படிக்கட்டக் கழுவினீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஏழு மாதக் கர்ப்பிணியை நானும் இந்தப் படிகளுக்கு அனுப்ப மாட்டேன்.

ஞாயிறு மதியம் தொட்டியை நிரப்பினோம். விடுமுறை என்பதால் லயமே திரண்டு வந்திருந்தது. கூட்டத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "பெயின்ட் அடிச்சு நம்ம தண்ணியக் கெடுத்த ஆளு, எப்படி நிக்குது பாரு." புஷ்பம் அக்காவுக்கும் கேட்டது. அவர் மேடையிலிருந்து இறங்கப் போனார்.

நான் ஏணியில் இருந்தேன். பொதுவாகக் கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது. அன்று கோபம் பேசியது. "தப்பு என்னோடது," என்றேன், தேவையைவிடச் சத்தமாக. "இந்தக் கம்பி கரையும்னு நான் உங்க யாருக்கும் சொல்லல. இது கரைஞ்சாத்தான் தொட்டி நிக்கும். பூசக் கூடாதுன்னு சொல்ல வேண்டியவ நான். அக்கா செஞ்சது, நான் சொன்ன மாதிரிப் பத்திரமாப் பாத்துக்கிட்டதுதான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி புஷ்பம், அந்த மூடியப் புடி," என்றார். அவ்வளவுதான். ஆனால் புஷ்பம் அக்கா இறங்கவில்லை, திரும்பி வந்து மூடியைப் பிடித்தார்.

ஆனால் மீற்றர் என் பேச்சைக் கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்கு மைனஸ் 0.66. மென்மையான தண்ணீரில் இது மெதுவாகத்தான் ஏறும், தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் மனம் அடித்துக்கொண்டது. ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாகத்தான் திட்டம். மேலதிகாரிக்கு அழைத்துத் திங்கட்கிழமை லீவு சொன்னேன். சனி இரவைப் போலவே அன்றும் புஷ்பம் அக்காவின் காம்பிராவிலேயே, அந்த ஒற்றை அறை வீட்டிலேயே, தங்கினேன். மலரின் திருமணப் படம் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே புதிய பாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாயை விரிக்காமல் எனக்கு வேறு பாய் கொடுத்தார்.

திங்கள் காலை ஐந்தரை மணிக்கு, பெரட்டுக்குப் போகும் வழியில் பத்துப் பதினைந்து பேர் தொட்டியடியில் நின்றுவிட்டார்கள். மின்வாயை இறக்கினேன். மீற்றரைப் புஷ்பம் அக்காவின் கையில் கொடுத்தேன்.

"சைபர்... புள்ளி... எட்டு ஏழு," என்று வாசித்தார்.

"முன்னால ஒரு கோடு இருக்காக்கா?"

"இருக்குங்க."

அந்தக் கோடுதான் மைனஸ், எண் 0.85-ஐத் தாண்டிவிட்டது, தொட்டிக்கு இனிப் பயமில்லை என்றேன்.

"மைனஸ் கூடக் கூட நல்லதா?" என்றார் தலைவர் சந்தேகத்தோடு. "எங்க சம்பளத்துல மட்டும் ஏங்க அப்படி இல்ல?"

பெரிய சிரிப்பு. புஷ்பம் அக்கா சிரிக்கவில்லை. மீற்றரை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பிறகு அதை என்னிடம் தந்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வால்வைத் திறக்கப் போனார்.

இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தில் ரயில் பாதையில் மண் சரியும், புறப்படும் முன் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஹாலிஎலயில் ஆட்டோவுக்கு ஏறும் முன்பே விலை பேசுங்கள், இறங்கும்போது நூறு ரூபா கூடக் கொடுங்கள், அந்தப் பாதைக்கு அது தகும். தோட்டத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும். லயத்தில் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்டுக் குடிக்கும்போது, அது எத்தனை படி ஏறி வந்தது என்று ஒருமுறை பாருங்கள். என்னைப் போல ஏதாவது பொருத்திக் கொடுக்கப் போகிறவர்கள், அதைத் தினமும் தொடப் போகும் ஆளைக் கூப்பிட்டு, எது தேயலாம், எது தேயக் கூடாது என்று அவர்களுடைய மொழியில் சொல்லிவிட்டு வாருங்கள். நான் இப்போது ஒரு தாளில் தமிழில் ஆறு வரி எழுதி, தலைவர் வீட்டுச் சுவரிலும் புஷ்பம் அக்கா வீட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி: கம்பிக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. இரண்டாவது வரி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்து, பெருவிரல் தடிப்புக்கு வந்துவிட்டால் எனக்கு அழைக்கவும்.

இதை நேற்று எழுதி முடித்து, பதிவேற்றாமல் வைத்திருந்தேன். இன்று மாலை ஐந்து மணிக்குப் புஷ்பம் அக்கா அழைத்தார். என்ன, மறுபடி அழுகிறதா என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லங்க," என்றார். "மத்தியானம் சம்பந்தியே வண்டி புடிச்சு மலரைக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. தொட்டிய ஏறிப் பாத்துட்டுத்தான் போனாரு. இப்பத்தான் குளிக்கிறா." பிறகு தொலைபேசியை எங்கேயோ நீட்டிப் பிடிப்பது தெரிந்தது. தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"தண்ணிச் சத்தம் கேக்குதா தங்கச்சி?"

கேட்டது.